மருத்துவ பயோடெக்னாலஜி முதுநிலைப் படிப்பு: விண்ணப்பம் முதல் ஆய்வேடு வரை

மரபணு சிகிச்சை, செல் சிகிச்சை, எம்ஆர்என்ஏ மருந்து போன்ற புதிய சிகிச்சைகளைப் படிக்க வேண்டும், அதற்காக மருத்துவ பயோடெக்னாலஜியில் முதுநிலை சேரலாம் என்று இருப்பவர்களுக்கான வழிகாட்டி இது. உயிரியல், பயோடெக், உயிர்வேதியியல், மருந்தியல், மருத்துவம் என்று எதில் இளநிலை முடித்திருந்தாலும் பயன்படும். புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள் திரும்பத் திரும்ப அதே நான்குதான்: படிப்பின் பெயரை மட்டும் பார்த்துச் சேர்வது, பாடத்திட்ட நகலைக் கடைசி வாரத்தில் தேடுவது, தடுப்பூசியை மறப்பது, ஆறு மாத ஆய்வேட்டுக்கு இரண்டு வருட வேலையைத் தலையில் ஏற்றிக்கொள்வது. நான்கையும் முன்கூட்டியே தவிர்க்க முடியும்.

1. இந்தப் பட்டம் என்ன தரும், என்ன தராது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பட்டத்தை வைத்து நோயாளிக்குச் சிகிச்சை அளிக்க முடியாது. கார்-டி சிகிச்சையை (நோயாளியின் சொந்த நோயெதிர்ப்புச் செல்களை மாற்றிப் புற்றை அழிக்கவைப்பது) எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்தெடுப்பது மருத்துவமனையில் நடக்கும். பிறகு டி செல்களைத் தனியாக்கி, தூண்டி, வைரஸ் வெக்டார் (மரபணுவைச் சுமந்துபோகும் வாகனமாக மாற்றிய வைரஸ்) மூலம் புது மரபணுவைச் செலுத்தி, வளர்த்து, தரம் சோதித்து, உறையவைத்துத் திருப்பி அனுப்புவார்கள். கடைசியில் அதை நோயாளிக்கு ஏற்றுவது மறுபடியும் மருத்துவமனையில். நடுவில் உள்ள அத்தனையும் உங்கள் வேலை. இரண்டு முனையும் மருத்துவர், செவிலியர் கையில்.

படித்து முடித்தவர்கள் போகும் இடங்கள்: செல் தயாரிப்பு, வெக்டார் உற்பத்தி, தரக் கட்டுப்பாடு, மருத்துவப் பரிசோதனை ஒருங்கிணைப்பு, ஒழுங்குமுறை ஆவணப் பணி, முனைவர் பட்ட ஆய்வு. நோயறிதல் ஆய்வகத்தில் அறிக்கைக்குக் கையெழுத்திடப் பல நாடுகளில் தனி உரிமம் வேண்டும். இந்தப் பட்டத்தோடு அது தானாக வராது. நோயாளிகளோடு நேரடியாக இருக்கவேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் இந்த இடத்திலேயே நின்று யோசியுங்கள். இரண்டு வருடம் கழித்து யோசிப்பது மிகவும் வலிக்கும்.

2. பெயரை விட்டுவிட்டுப் பாடத்திட்டக் கையேட்டைப் படியுங்கள்

"மருத்துவ பயோடெக்னாலஜி", "பயோமெடிக்கல் சயின்ஸ்", "மூலக்கூறு மருத்துவம்", "மேம்பட்ட சிகிச்சைகள்" என்று பெயர்கள் பல. ஒரே பெயரில் இரண்டு இடங்களில் நடக்கும் படிப்புகளுக்குள் எந்த ஒற்றுமையும் இல்லாமல் போகலாம். பெயர் வேறாக இருந்தும் உள்ளடக்கம் ஒன்றாக இருக்கலாம். விளம்பரப் பக்கத்தில் பதில் கிடைக்காது. ஒவ்வொரு பாடத்துக்கும் நேரம், மதிப்பீடு, செய்முறை எல்லாம் எழுதியிருக்கும் முழுக் கையேட்டைத் தேடி எடுங்கள். அதில் பார்க்க வேண்டியவை:

செய்முறை நேரம். விரிவுரை எத்தனை மணி, ஆய்வகம் எத்தனை மணி என்று பிரித்துக் கூட்டுங்கள். "செயல்விளக்கம்" என்று எழுதியிருந்தால் ஒருவர் செய்வார், மற்றவர்கள் பார்ப்பார்கள். அதைச் செய்முறைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஆய்வேட்டின் அளவு. ஐரோப்பிய ஈசிடிஎஸ் முறையில் முழுநேரப் படிப்புக்கு வருடத்துக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆகவே 30 கிரெடிட் ஆய்வேடு என்றால் 750 முதல் 900 மணி நேரம். பரிசோதனை செய்து, தோற்று, மறுபடி செய்ய அவ்வளவாவது வேண்டும். 10 அல்லது 12 கிரெடிட் என்றிருந்தால் அது பெரும்பாலும் கட்டுரைத் தொகுப்பாக முடியும்.

புதிய சிகிச்சைகளுக்கு உள்ள இடம். ஒரு பாடத்தின் கடைசி இரண்டு விரிவுரையா, தனிப் பருவமா? வைரஸ் வெக்டார், செல் வளர்ப்பு, ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு அளப்பது), ஜிஎம்பி (மருந்துத் தயாரிப்புக்கான தர விதிகள்) ஆகிய நான்கும் கையேட்டில் எங்கே வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்கில் ஒன்றுகூட இல்லாத படிப்பு உங்களை இந்தத் துறைக்குக் கொண்டுபோகாது.

நுழைவுத் தகுதி. உயிர்வேதியியல், மூலக்கூறு உயிரியல், செல் உயிரியல், நோயெதிர்ப்பியல், புள்ளியியல் ஆகியவற்றில் குறைந்தபட்ச கிரெடிட் கேட்பார்கள். பலருக்கு இடிப்பது கடைசி இரண்டும்தான். உங்கள் பாடப் பட்டியலை இணைத்துச் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். செலவில்லாத சோதனை அது. கட்டணம் கட்டிய பிறகு "தகுதியில்லை" என்று தெரிந்துகொள்வதைவிட இது நல்லது.

அதே மின்னஞ்சலில் மூன்று கேள்விகளையும் சேர்த்துவிடுங்கள். ஒரு செய்முறை மேசைக்கு எத்தனை மாணவர்? ஆய்வேட்டு வழிகாட்டியை யார் தேடவேண்டும், மாணவரா துறையா? மருத்துவமனையிலோ நிறுவனத்திலோ வெளியாய்வேடு செய்ய அனுமதி உண்டா? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் அங்கே யாரோ பொறுப்பாக இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

3. காலண்டரைப் பின்னோக்கி எண்ணுங்கள்

வகுப்பு தொடங்கும் நாளிலிருந்து பின்னால் எண்ணினால் 15 மாதம் வேண்டும். அவ்வளவு எதற்கு என்று தோன்றும். காரணம் தடுப்பூசியும் பழைய கல்லூரியும்.

15 மாதம் முன்: படிப்புகளைப் பட்டியலிடுங்கள். பழைய கல்லூரியில் பாடத்திட்ட நகலுக்கு எழுதிக் கொடுங்கள். மனித ரத்தம், திசு கையாளும் ஆய்வகங்கள் ஹெபடைடிஸ் பி பாதுகாப்புக்குச் சான்று கேட்பது வழக்கம். வழக்கமான அட்டவணையில் மூன்று ஊசிகள்: முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். கடைசி ஊசி போட்டு ஒன்று முதல் இரண்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனையில் ஆன்டிபாடி அளவு லிட்டருக்கு 10 சர்வதேச யூனிட்டுக்கு (இதையே மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட் என்றும் எழுதுவார்கள்) குறையாமல் இருக்கவேண்டும். இல்லையென்றால் மறுபடி ஊசி. ஆக எட்டு மாதம் இதற்கே போய்விடும். சிறு வயதில் போட்டவர்கள் அந்த அட்டையைத் தேடி எடுத்து, ஆன்டிபாடி பரிசோதனை மட்டும் செய்துகொள்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

12 மாதம் முன்: மொழித் தேர்வு. ஐஈஎல்டிஎஸ், டோஃபல் மதிப்பெண்கள் 2 ஆண்டு செல்லும். ஜிஆர்ஈ (முதுநிலை நுழைவுத் தேர்வு) கேட்டால் அது 5 ஆண்டு. மிக முன்னதாக எழுதினால் காலாவதியாகும், மிகத் தாமதமாக எழுதினால் மறுமுறை எழுத நேரம் இருக்காது.

10 மாதம் முன்: பரிந்துரைக் கடிதம் கேளுங்கள், நோக்க அறிக்கையின் முதல் வரைவை எழுதுங்கள்.

9 முதல் 7 மாதம் முன்: விண்ணப்பம். இங்கே ஒரு பொறி உண்டு. உதவித்தொகைக்கான கடைசி நாள் படிப்பின் கடைசி நாளுக்கு முன்பே வந்துவிடுவது சகஜம். இரண்டையும் தனித்தனியாகக் குறித்து, முந்தியதையே உங்கள் கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

4 மாதம் முன்: வெளிநாடு என்றால் விசா, வங்கி இருப்புச் சான்று, தங்குமிடம்.

4. ஆவணங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

மதிப்பெண் பட்டியல்: எல்லாப் பருவங்களும், கூடவே ஒருங்கிணைந்த பட்டியலும். மதிப்பெண் முறையை விளக்கும் பக்கம் பின்புறம் அச்சிட்டிருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தை விட்டுவிட்டு அனுப்பியதால் திரும்பி வரும் விண்ணப்பங்கள் நிறைய. இறுதிப் பருவம் முடியவில்லை என்றால் தற்காலிகச் சான்றும் எதிர்பார்க்கும் முடிவு நாளும் வேண்டும்.

பாடத்திட்ட விவரம்: அதிகம் தாமதமாவது இதுதான். பாடத் தலைப்புகள் மட்டும் போதாது. ஒவ்வொரு பாடத்துக்கும் மணி நேரம், அலகுகள், செய்முறைப் பட்டியல் இருக்கவேண்டும். துறைத் தலைவரின் முத்திரையும் கையெழுத்தும் வேண்டும். பாடத்திட்டம் இடையில் மாறியிருந்தால், நீங்கள் சேர்ந்த ஆண்டின் பாடத்திட்டத்தையே கேட்டு வாங்குங்கள். இப்போதுள்ளதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மதிப்பெண் பட்டியலில் உள்ள பாடக் குறியீடுகளோடு அது பொருந்தாது, கேள்வி வரும். இந்த ஒரு கட்டு மூன்று முறை உதவும்: தகுதி பார்க்கையில், விண்ணப்பிக்கையில், சேர்ந்த பிறகு ஏற்கெனவே படித்த பாடத்துக்கு விலக்கு கேட்கையில். ஆகவே முத்திரையிட்ட இரண்டு அசல் பிரதிகள் வாங்கிக்கொள்ளுங்கள்.

பயிற்றுமொழிச் சான்று: ஆங்கிலத்தில் படித்ததாகக் கல்லூரி தரும் கடிதம். சில இடங்களில் இதுவே மொழித் தேர்வுக்குப் பதிலாகும், சிலவற்றில் ஆகாது. முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பரிந்துரைக் கடிதம் இரண்டு அல்லது மூன்று. ஒன்றாவது உங்களை ஆய்வகத்தில் பார்த்தவரிடமிருந்து வரவேண்டும். பெரிய பதவியில் இருப்பவர் எழுதும் நான்கு வரிப் பொதுக் கடிதத்தைவிட, "இந்த மாணவர் தானே ப்ரைமர் வடிவமைத்தார், மூன்று முறை தோற்ற பிசிஆரைச் சரிசெய்தார்" என்று எழுதும் உதவிப் பேராசிரியரின் கடிதத்துக்கு எடை அதிகம். எட்டு வாரம் முன்பே கேளுங்கள். கேட்கும்போதே ஒரு பக்கத் தாளும் கொடுங்கள்: எந்த வருடம், எந்தத் திட்டம், நீங்கள் செய்தது என்ன, கடைசி நாள் எப்போது. கடிதம் நிறுவன மின்னஞ்சலில் இருந்து வரவேண்டும் என்று பல இடங்கள் கேட்கும். சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும்.

நோக்க அறிக்கை: "சிறு வயதிலிருந்தே அறிவியல் ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். ஒரு நோய், ஒரு சிகிச்சை முறை, அதில் இன்னும் தீராத ஒரு சிக்கல், அதை அணுக உங்களிடம் என்ன இருக்கிறது, இந்தப் படிப்பின் எந்தப் பாடம் மீதியைத் தரும். இந்த ஐந்தும் வந்துவிட்டால் போதும். "மரபணு சிகிச்சையில் ஆர்வம்" என்பது வெற்று வரி. "ஏஏவி வெக்டாரை ஒரு முறை பெற்றவருக்கு மறுமுறை கொடுக்க முடியாதபடி ஆன்டிபாடி உருவாகிவிடுகிறது, அதைத் தாண்டும் வழிகளைப் படிக்க விரும்புகிறேன்" என்பது படித்தவர் எழுதிய வரி (ஏஏவி என்பது வெக்டாராகப் பயன்படும் நோய் தராத சிறு வைரஸ்).

செய்முறைப் பட்டியல்: யாரும் கேட்கமாட்டார்கள், ஆனாலும் இணையுங்கள். நுட்பம், எந்த மாதிரியில், எத்தனை முறை, தனியாகவா மேற்பார்வையிலா. "வெஸ்டர்ன் பிளாட், எலித் திசு, 6 முறை, கடைசி 3 தனியாக" என்று ஒரு வரி. பார்த்ததை மட்டும் "பார்த்தேன்" என்றே எழுதுங்கள். நேர்காணலில் டிரான்ஸ்ஃபர் எத்தனை வோல்ட்டில் ஓட்டினீர்கள் என்று கேட்டால் பொய் அங்கேயே உடைந்துவிடும்.

பெயரின் எழுத்துக்கூட்டலும் முதலெழுத்தின் இடமும் பாஸ்போர்ட்டிலும் பட்டத்திலும் மொழித் தேர்விலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறாக இருந்தால் ஒரே நபர் என்று உறுதிமொழிப் பத்திரம் இப்போதே எடுத்துவிடுங்கள். ஸ்கேன் 300 டிபிஐ, ஒவ்வொரு ஆவணமும் ஒரே பிடிஎஃப்.

5. செலவை வரிசைப்படுத்துங்கள்

கல்விக் கட்டணத்தை எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். கணக்கில் வராமல் பையைக் காலியாக்குபவை வேறு: மொழித் தேர்வும் அதன் மதிப்பெண்ணை ஒவ்வொரு பல்கலைக்கும் அனுப்பும் கட்டணமும், ஆவணச் சான்றொப்பம், மொழிபெயர்ப்பு, கூரியர், திரும்பக் கிடைக்காத விண்ணப்பக் கட்டணம், இடத்தை உறுதிசெய்யும் முன்பணம், தடுப்பூசி, முதல் மாத வாடகையோடு வைப்புத்தொகை. சில நிறுவனங்களில் ஆய்வகக் கட்டணம் தனி. ஆய்வேட்டுக்கான வேதிப்பொருள் செலவு யார் தலையில் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். ஒரு ஆன்டிபாடிக் குப்பியின் விலை, மாணவர் ஒருவர் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்கக்கூடியது அல்ல.

தகுதியை மின்னஞ்சலில் உறுதிசெய்யாத இடத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டாம். முன்பணம் கட்டும் முன் விசா மறுக்கப்பட்டால் திரும்பக் கிடைக்குமா என்ற விதியைப் படியுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு தரப்படும் "பயிற்சி"களில் எச்சரிக்கை தேவை. இரண்டு வாரத்தில் கிரிஸ்பர் (மரபணுவை வெட்டித் திருத்தும் நுட்பம்), ஸ்டெம் செல், ஃப்ளோ சைட்டோமெட்ரி எல்லாம் என்று சொன்னால் நீங்கள் பார்வையாளராகத்தான் நிற்பீர்கள். நான் தனியாகச் செல் வளர்ப்பேனா, எத்தனை பாசேஜ் (வளர்ந்த செல்களைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றும் சுற்று) என்று கேளுங்கள். மழுப்பினால் விலகிவிடுங்கள். அதேபோல, ஒப்புதல் பெறாத "ஸ்டெம் செல் சிகிச்சை" விற்கும் இடங்களில் பயிற்சிக்குப் போகவே போகாதீர்கள். நோயாளிக்குத் தீங்கு, உங்கள் பெயருக்கும் கேடு. இரண்டு நாளில் கட்டுரை வெளியிட்டுத் தருகிறோம் என்று பணம் கேட்கும் இதழ்களும் அந்த ரகம்தான்.

6. சேரும் முன் படிப்பது எப்படி

பாடநூலை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினால் மூன்றாம் அத்தியாயத்தில் நின்றுவிடும். அதற்குப் பதில், ஒப்புதல் பெற்ற சிகிச்சை ஒவ்வொன்றையும் எடுத்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: எதைக் கொடுக்கிறோம்? அது எப்படிப் போய்ச் சேர்கிறது? எவ்வளவு காலம் நிற்கிறது?

லக்ஸ்டர்னா (2017): பரம்பரைப் பார்வையிழப்புக்கு. ஆர்பிஇ65 மரபணுவின் நல்ல பிரதி, ஏஏவி வெக்டாரில் விழித்திரைக்கு அடியில் ஊசியாக. விழித்திரைச் செல்கள் பெருகிப் பிரிவதில்லை, அதனால் சேர்த்த பிரதி நீர்த்துப்போகாமல் நிற்கிறது. அதே வெக்டாரை வளரும் குழந்தையின் கல்லீரலுக்குக் கொடுத்தால்? செல்கள் பிரியப் பிரியப் பிரதி குறையும். இப்படி ஒரு சிகிச்சையை இன்னொரு உறுப்புக்கு மாற்றிப் பார்க்கும்போதுதான் பாடம் பிடிபடும்.

ஏஏவிக்குள் சுமார் 4,700 டிஎன்ஏ எழுத்துகளே அடங்கும். டிஸ்ட்ரோஃபின் புரதத்துக்கான குறியீடு மட்டும் சுமார் 11,000 எழுத்து. அதனால்தான் தசைச் சிதைவு நோய்க்குச் சுருக்கிய மைக்ரோ டிஸ்ட்ரோஃபின் வந்தது. கிரிஸ்பரில் வெட்டும் வேலையைச் செய்யும் வழக்கமான காஸ்9 புரதத்தின் குறியீடே சுமார் 4,100 எழுத்து; அதோடு ப்ரமோட்டரும் (மரபணுவை இயக்கும் பகுதி) கைடு ஆர்என்ஏவும் (வெட்டவேண்டிய இடத்தைக் காட்டுவது) ஒரே ஏஏவியில் அடங்கத் திணறுவது ஏன் என்பது இந்த ஒரு கழித்தலில் புரியும்.

ஆன்பட்ரோ (2018): பரம்பரை அமிலாய்டோசிஸ் நோய்க்கு. எஸ்ஐஆர்என்ஏ (ஒரு புரதம் உருவாகாமல் தடுக்கும் குட்டி ஆர்என்ஏ), லிப்பிட் (கொழுப்பு) நானோதுகளுக்குள். நரம்பு வழியே செலுத்தும் இத்தகைய துகள் பெரும்பாலும் கல்லீரலுக்கே போகிறது. நோய்ப் புரதம் கல்லீரலில் உருவாவதால் இங்கே அது வசதி. மூளைக்கோ நுரையீரலுக்கோ மருந்து வேண்டுமென்றால் அதுவே தடை. ஆர்என்ஏ சிதைந்துவிடும், ஆகவே திரும்பத் திரும்பக் கொடுக்கவேண்டும்.

கிம்ரியா (2017): இங்கே மருந்து என்பதே நோயாளியின் டி செல். ரத்தப் புற்றுச் செல்களின் மேல் உள்ள சிடி19 என்ற புரதத்தை அடையாளம் காணும் ஏற்பியை அதில் வைத்து அனுப்புகிறார்கள். சிடி19 நல்ல பி செல்களிலும் உண்டு, அவையும் அழியும், ஆன்டிபாடி குறையும். உடலுக்குள் செல்கள் பெருகும்போது சைட்டோகைன் வெள்ளம் (நோயெதிர்ப்புச் சமிக்ஞைப் புரதங்கள் அளவுமீறிப் பெருகுவது) வரலாம், அதற்கு டோசிலிசுமாப் என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள். பலனும் பக்கவிளைவும் ஒரே காரணத்திலிருந்து பிறப்பதைக் கவனியுங்கள்.

காஸ்ஜெவி (2023): நோயாளியின் ரத்த மூலச் செல்களை வெளியே எடுத்து, பிசிஎல்11ஏ மரபணுவின் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதியை கிரிஸ்பரால் வெட்டி, கருவில் இருந்த ஹீமோகுளோபினை மீண்டும் உற்பத்தியாக்குவது. அரிவாள் செல் நோய்க்குக் காரணமான பிழையை நேராகத் திருத்தவில்லை, பக்கவழியாகப் போகிறது. ஏன் என்று தேடிப் படியுங்கள், ஒரு வாரம் போதும்.

இவற்றுக்கான மதிப்பீட்டு அறிக்கைகளை அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏவும் ஐரோப்பிய மருந்து முகமையும் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கின்றன. ஆய்வுக் கட்டுரையில் வராத தடுமாற்றங்கள் அவற்றில் இருக்கும்: எந்த நோயாளிக்குத் தயாரிப்பு தோற்றது, எந்தச் சோதனையை மதிப்பீட்டாளர் ஏற்கவில்லை. முதல் அறிக்கை தலைசுற்றும். மூன்றாவதில் பழகிவிடும்.

7. முதல் மூன்று மாதம்: கையைப் பழக்குங்கள்

பைப்பெட்: முதல் நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்சவும், வெளியேற்றும்போது இரண்டாம் நிறுத்தம் வரை. இரண்டாம் நிறுத்தத்தில் உறிஞ்சுவதுதான் புதியவர் செய்யும் முதல் தவறு, அளவு கூடிவிடும். 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் 0.1 கிராம் இருக்கவேண்டும். தராசில் பத்து முறை வைத்துப் பாருங்கள். பைப்பெட் கெட்டிருக்கிறதா, கை கெட்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

செல் வளர்ப்பு: ஹெக் 293 போன்ற ஒட்டி வளரும் செல்களுக்கு 37 டிகிரி, 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு, 10 சதவீதச் சீரம் கலந்த மீடியம். பிரிக்கும்போது முதலில் கால்சியம், மெக்னீசியம் இல்லாத பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் கழுவுங்கள். சீரம் மிச்சமிருந்தால், செல்களைத் தட்டிலிருந்து பிரிக்கும் டிரிப்சின் என்ற நொதி வேலை செய்யாது. வேலை செய்யவில்லை என்று நேரத்தை நீட்டினால் செல் மேற்பரப்புப் புரதங்கள் சிதையும், பிறகு ஃப்ளோவில் குறி தெரியாது. நுண்ணோக்கியில் செல்கள் உருண்டையானதும் சீரம் உள்ள மீடியத்தை ஊற்றி நிறுத்திவிடுங்கள்.

எண்ணிக்கை: டிரைபான் ப்ளூவைச் சம அளவு கலந்து, ஹீமோசைட்டோமீட்டரின் (செல் எண்ணக் கட்டம் போட்ட கண்ணாடி) பெரிய சதுரம் ஒன்றுக்குச் சராசரி 45 உயிருள்ள செல் என்றால், 45 பெருக்கல் 2 பெருக்கல் 10,000; மில்லிலிட்டருக்கு 9 லட்சம். 3 லட்சம் செல் போட 0.33 மில்லிலிட்டர். சம அளவு கலந்ததால் வரும் அந்த 2ஐ மறப்பவர்கள் அதிகம். நீலமானவை இறந்தவை, உயிருள்ளவை 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அன்று பரிசோதனை தொடங்காதீர்கள்.

உறையவைப்பது மெதுவாக, உருக்குவது வேகமாக. 10 சதவீத டிஎம்எஸ்ஓ (உறையும்போது செல்லைக் காக்கும் திரவம்), நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் மைனஸ் 80 வரை, பிறகு திரவ நைட்ரஜன். எடுக்கும்போது 37 டிகிரி நீரில் சிறு பனித்துண்டு மிச்சமிருக்கும்வரை மட்டும், ஓரிரு நிமிடம். உடனே 9 மில்லிலிட்டர் மீடியத்தில் சொட்டுச் சொட்டாக. திரவ நைட்ரஜன் ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயு. காற்றோட்டமில்லாத அறையில் ஆக்சிஜனைத் தள்ளிவிடும். அந்த அறைக்குத் தனியாகப் போகாதீர்கள். முகம் முழுவதையும் மறைக்கும் கண்ணாடிபோன்ற தடுப்பும் தடித்த கையுறையும் அவசியம், குப்பி வெடிக்கலாம்.

மைக்கோபிளாஸ்மா: இதற்காகவே ஒரு பத்தி. மீடியம் கலங்காது, சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது, 0.22 மைக்ரான் வடிகட்டியைத் தாண்டும். செல்சுவர் இல்லாததால் பென்சிலின் தொடாது. செல்லின் மரபணு வெளிப்பாட்டையே மாற்றிவிடும். ஆறு மாத முடிவுகளைக் குப்பையில் போடவைக்கும் தொற்று இது. புதிதாக வரும் எந்தச் செல்லையும் தனி இன்குபேட்டரில் வைத்து பிசிஆர் சோதனை முடிந்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். பிறகு மாதம் ஒருமுறை. ஆன்டிபயாடிக் ஊற்றியே செல் வளர்க்கும் ஆய்வகத்தில் கூடுதல் சந்தேகம் வையுங்கள்.

பயோசேஃப்டி கேபினட்டும் கிடைக்காற்று (லேமினார் ஃப்ளோ) அலமாரியும் ஒன்றல்ல. கிடைக்காற்று அலமாரியில் காற்று உங்கள் முகத்தை நோக்கி வரும். மாதிரியைக் காக்கும், உங்களைக் காக்காது. மனிதச் செல்லும் வைரஸ் வெக்டாரும் அங்கே கூடவே கூடாது.

பிசிஆர்: 10 மாதிரி என்றால் 11க்குக் கலவை. டெம்ப்ளேட் (பிரதியெடுக்கவேண்டிய டிஎன்ஏ) இல்லாத குழாய் ஒன்று எப்போதும். அதில் பட்டை வந்தால் மற்ற எல்லா முடிவும் செல்லாது, எவ்வளவு அழகாக வந்திருந்தாலும்.

லேப் நோட்டு: அன்றே, பேனாவில். தேதி, செல்லின் பாசேஜ் எண், ஒவ்வொரு வேதிப்பொருளின் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண். சீரத்தின் லாட் மாறியதால் செல் வளர்ச்சி மாறுவது அடிக்கடி நடக்கும்; எழுதாதவருக்கு அது புதிராகவே இருந்துவிடும்.

8. ஒழுங்குமுறையைத் தள்ளிப்போடாதீர்கள்

சலிப்பான பாடம் என்று பலர் ஒதுக்குவதை முதல் பருவத்திலேயே எடுங்கள். ஐரோப்பாவில் 1394/2007 என்ற விதி மரபணு சிகிச்சை, செல் சிகிச்சை, திசுப் பொறியியல் தயாரிப்பு என்று வகைப்படுத்துகிறது. மரபணுத் தொகுதிக்குள் நுழையும் வெக்டார் பெற்றவர்களை 15 ஆண்டுவரை கண்காணிக்கச் சொல்கிறது எஃப்டிஏ. டி செல் புற்று வரக்கூடும் என்ற எச்சரிக்கையை கார்-டி மருந்துகளின் தகவல் தாளில் சேர்க்கச் சொன்னதும் 2024இல்தான். வேலை நேர்காணலில் ஜிஎம்பி ஆவணம் நிரப்பத் தெரியுமா என்ற கேள்வி கிரிஸ்பர் தெரியுமா என்பதற்கு முன்பே வரும்.

9. ஆய்வேட்டை வாரக் கணக்கில் போடுங்கள்

24 வாரம் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு மரபணுவை கிரிஸ்பரால் செயலிழக்கச் செய்த ஒற்றைச் செல் வழித்தோன்றலை உருவாக்குவது எளிய திட்டம் போலத் தெரியும். கைடு வடிவமைத்து வாங்க 2 வாரம். 20 எழுத்து, பக்கத்தில் என்ஜிஜி (ஏதேனும் ஒரு எழுத்தும் இரண்டு ஜியும்), அதற்கு மூன்று எழுத்து முன்னால் வெட்டு. இதைக் கையாலேயே ஒருமுறை வரைந்து பாருங்கள். செல்லுக்குள் செலுத்தி வெட்டு விழுந்ததா என்று பார்க்க ஒரு வாரம். ஒற்றைச் செல்லாகப் பிரித்து வளர 3 முதல் 4 வாரம். வரிசை படிக்க, புரதம் இல்லை என்று உறுதிசெய்ய 2 வாரம். எல்லாம் முதல் முயற்சியிலேயே சரியாக வந்தாலும் 9 வாரம் ஆயிற்று, இன்னும் உங்கள் உண்மையான கேள்வியைத் தொடவே இல்லை. பயிற்சிக்கு 3 வாரம், எழுத 5 வாரம் கழித்தால் மிச்சம் 7. ஒருமுறை தவறினால் அதுவும் இல்லை.

ஆகவே தேவையான செல் வழித்தோன்றல் ஏற்கெனவே ஆய்வகத்தில் தயாராக இருக்கும் கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். விலங்கு, நோயாளி மாதிரி தேவைப்பட்டால் நெறிமுறைக் குழு அனுமதி ஏற்கெனவே இருக்கிறதா, அதில் உங்கள் பெயரைச் சேர்க்க எவ்வளவு நாள் என்று கேளுங்கள். புதிதாக வாங்குவதானால் மாதங்கள் ஆகும். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் அவருடைய முந்தைய மாணவர் இருவரிடம் பேசுங்கள்: நேரத்துக்கு முடித்தார்களா, வாரம் ஒருமுறையாவது அவரைப் பார்க்க முடிந்ததா.

ஒரே தட்டில் மூன்று குழி என்பது மூன்று முறை செய்ததாகாது. வெவ்வேறு நாளில், வெவ்வேறு பாசேஜில் செய்தால்தான் மூன்று. இதை 22ஆம் வாரத்தில் புள்ளியியல் ஆசிரியர் சொல்லித் தெரிந்துகொள்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். முதல் வாரத்திலேயே அவரிடம் திட்டத்தைக் காட்டுங்கள்.

முறைகள் அத்தியாயத்தை வேலை நடக்கும்போதே எழுதி வையுங்கள். ஆய்வகத்தை விட்டுக் கிளம்பும் கடைசி வாரத்தில் மூலத் தரவுகளின் நகலுக்கு வழிகாட்டியிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். ஃப்ளோ கோப்புகளைத் திறக்கக்கூடிய மூல வடிவிலேயே எடுங்கள், படமாக மட்டும் எடுக்காதீர்கள். உறையவைத்த குப்பிகளின் பட்டியலில் செல் பெயர், பாசேஜ், தேதி, எந்த டப்பாவில் எந்தக் குழி என்பதை எழுதி அடுத்தவர் கையில் கொடுங்கள். செய்முறைச் சான்றுக் கடிதத்தை அன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள்; அடையாள அட்டையை ஒப்படைத்த பிறகு அந்த ஒரு தாளுக்காகப் பலமுறை மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருக்கும்.